எதிர்ப்பு சக்தியைக் கூட்டினா எச்.ஐ.வி. அடங்கிடுமா?



பாஞ்சாலங்குறிச்சியில், கோட்டைக்குப் பக்கத்தில் நடந்த ஒரு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தில் நான் பேசினதுதான் இது. அன்னைக்கு வர முடியாதவங்க போனிலேயே படிக்கட்டும்னு கொஞ்சம் விரிச்சு எழுதியிருக்கேன். ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. இதழியல் படிச்சிட்டு, அரசுத் திட்டங்களை மக்களுக்குப் புரியும்படி எழுதுற வேலையில் இருக்கேன். அதனால், எனக்குப் புரிஞ்ச வார்த்தையிலேயே உங்களுக்கும் சொல்றேன்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் ஒரு அக்கா. உப்பளத்தில் வேலை செய்றவங்க. பேரும் ஊரும் சொல்ல மாட்டேன். ஏன் சொல்லக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதைக் கடைசியில் சொல்றேன். அவங்க எச்.ஐ.வி.க்குப் பல வருஷமா மாத்திரை சாப்பிடுறாங்க. நல்லா இருக்காங்க. ஒரு நாள் தன் போனில் வந்த வீடியோவைக் காட்டினாங்க. ஏதோ ஒரு பொடியாம். எதிர்ப்பு சக்தியை அது பல மடங்கு கூட்டிடுமாம், எச்.ஐ.வி.யை உடம்பே அடக்கிடுமாம், மாத்திரையை நிறுத்திடலாமாம். அக்கா கேட்டாங்க: “தம்பி, வைரஸை எதிர்க்கிற சக்தி நம்ம உடம்பிலேயே இருக்குல்ல? அதைக் கூட்டிட்டாப் போதாதா?”

நல்ல கேள்வி. உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களே பல வருஷம் செலவழிச்சு விடை தேடின கேள்வி. அந்த விடைதான் இந்தப் பேச்சு.

ஊமைத்துரையின் சைகை

பாஞ்சாலங்குறிச்சிக்காரங்களுக்கு ஊமைத்துரையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு ஒன்றரை வருஷம்கூட ஆகலை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த அவர், இடிச்சுத் தள்ளின கோட்டையைச் சில நாளிலேயே மறுபடி எழுப்பினார். அந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி வியந்து எழுதியிருக்கார். பேச வராத அந்த வீரர், சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை எடுத்து இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அது ஆங்கிலேயப் படை. அப்புறம் மறு கையால் அதை ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளி, வாயால் ஒரு சத்தம் கொடுப்பாராம். தாக்குதலுக்கு அதுதான் உத்தரவு.

ஒரு வார்த்தை பேசாமல் ஒரு படையே நகர்ந்தது, சைகையால். நம்ம உடம்பின் பாதுகாப்புப் படையும் இப்படித்தான் நடக்குது. வெள்ளை அணுக்களுக்கு வாய் கிடையாது. ஒரு செல், இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லணும்னா ஒரு சின்னப் புரதத்தை வெளியே விடும். அது பக்கத்துச் செல்லின் மேலே இருக்கிற ஏற்பியில் போய் ஒட்டும். ‘எதிரி வந்தாச்சு’, ‘இந்தப் பக்கம் வா’, ‘பெருகு’, ‘போதும், நிறுத்து’ என்று ஒவ்வொரு சேதிக்கும் தனித்தனிப் புரதம் இருக்கு. இவற்றுக்குப் பொதுப் பெயர் சைட்டோகைன். செல்களை ஒரு இடத்துக்கு வரவழைக்கிற வகைக்கு கீமோகைன் என்று பெயர். வைரஸ் வந்ததும் அக்கம்பக்கத்துக்கு எச்சரிக்கை கொடுக்கிற இன்டர்ஃபெரானை 1957-லேயே கண்டுபிடிச்சிட்டாங்க.

இந்தப் படையில் அதிகமா உத்தரவு கொடுக்கிற தளபதி யார் தெரியுமா? சி.டி.4 செல்கள். எச்.ஐ.வி. குறிவைப்பது சரியா அவங்களைத்தான். சாதாரண கிருமி படைவீரனைத் தாக்கும். இது சேதி சொல்றவரையே தாக்குது.

1986: இரண்டு ஊர், ஒரே வருஷம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலா உறுதியானது நம்ம தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரிச்சாங்க. வேலூர் சி.எம்.சி.யில் வெச்சுப் பரிசோதிச்சப்போ சில மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரிஞ்சது. ‘இந்த நோய் நம்ம நாட்டுக்கெல்லாம் வராது’ என்று பலர் நம்பிக்கிட்டு இருந்த காலம் அது.

அதே வருஷம் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஜே லெவி என்ற ஆராய்ச்சியாளரின் குழு ஒண்ணைக் கவனிச்சது. சி.டி.8 என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைச் சேர்த்தா, எச்.ஐ.வி. பெருகுறது அடங்குது. ஆனா தொற்று உள்ள செல்களை அவை கொல்லலை. அப்போ எப்படி அடங்குது? ஏதோ ஒரு பொருளை வெளியே விடுது. அது என்ன?

1995 கடைசியில் ராபர்ட் காலோவின் குழு மூன்று கீமோகைன்களை அடையாளம் காட்டினது. 1996-ல் அதுக்கான காரணமும் தெரிஞ்சது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழைய சி.டி.4 மட்டும் போதாது. சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு கதவும் வேணும். அந்தக் கதவு உண்மையில் இந்தக் கீமோகைன்களுக்காக இருக்கிற ஏற்பி. கீமோகைன் அதில் உட்கார்ந்துட்டா வைரஸுக்கு இடமில்லை. நம்ம பஸ்ஸில் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான்.

பிறவியிலேயே இந்தக் கதவு இல்லாதவங்க உலகத்தில் கொஞ்சம் பேர் இருக்காங்க. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்ம நாட்டில் இது மிக அபூர்வம். அப்படிப்பட்ட ஒருவரிடமிருந்து ரத்த மூல செல்களைத் தானமாப் பெற்ற திமோத்தி ரே பிரவுன் என்பவர், 2007-ல் பெர்லினில் நடந்த அந்தச் சிகிச்சைக்கு அப்புறம் எச்.ஐ.வி. இல்லாமலே வாழ்ந்தார். ஆனா அந்தச் சிகிச்சை அவரது ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்தது. உயிருக்கே ஆபத்தான சிகிச்சை என்பதால் எல்லாருக்கும் செய்ய முடியாது. இதே கதவை அடைக்கிற மாராவிராக் என்ற மாத்திரை மட்டும் அதே 2007-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆக, அக்கா சொன்னதில் பாதி சரி. உடம்பின் சேதிகளுக்கு எச்.ஐ.வி.யை அடக்குற சக்தி இருக்கு. மருந்தே இல்லாமல் வைரஸைப் பல வருஷம் அடக்கி வெச்சிருக்கிறவங்களும் இருக்காங்க. ஆனா நூறு பேருக்கு ஒருத்தர்கூட தேற மாட்டாங்க. அந்த ஒருத்தர் நாமதான்னு நம்பி மாத்திரையை நிறுத்தக்கூடாது.

‘கூட்டினா’ என்ன ஆகும்?

இப்போ அந்தப் பொடி விளம்பரத்துக்கு வருவோம். ‘கூட்டினாப் போதும்’ என்ற யோசனையை உண்மையாகவே செஞ்சு பார்த்திருக்காங்க. பொடியால் இல்லை, அந்தச் சேதிப் புரதத்தையே ஊசியாகப் போட்டு.

இன்டர்லூகின்-2 என்ற சைட்டோகைனுக்கு ‘சி.டி.4 செல்களே, பெருகுங்க’ என்று பொருள். எச்.ஐ.வி. உள்ளவங்களுக்கு அதைக் கொடுத்து இரண்டு பெரிய ஆய்வு நடந்தது. ஒன்றில் 4,111 பேர், இன்னொன்றில் 1,695 பேர். முடிவு 2009-ல் வந்தது. சி.டி.4 எண்ணிக்கை நிஜமாகவே கூடிடுச்சு. ஆனா நோய் வர்றதும் குறையலை, சாவும் குறையலை. எச்.ஐ.வி. மாத்திரை மட்டும் சாப்பிட்டவங்களைவிட இவங்களுக்குக் கூடுதலா ஒரு நன்மையும் கிடைக்கலை.

யோசிச்சுப் பாருங்க. சுத்தமான, அளவு பார்த்த, டாக்டர் கண்காணிப்பில் கொடுத்த சேதிப் புரதமே ஜெயிக்கலை. அப்போ போனில் ஆர்டர் பண்ற பொடி ஜெயிக்குமா?

சேதி ஓயாம அடிச்சா

இன்னொரு பக்கமும் இருக்கு. நம்ம முத்துக் கடற்கரையில் முத்துக்குளிக்கிறவர் கடலுக்கு அடியில் இருக்கும்போது, படகில் ஒருத்தர் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டு இருப்பார். கீழே இருக்கிறவர் கயிற்றை இழுத்தா மேலே தூக்கணும். மைத்துனன் கையில்தான் அந்தக் கயிற்றைக் கொடுப்பாங்கன்னு சொல்லக் கேட்டிருப்பீங்க. தேவைப்படும்போது ஒரு இழுப்பு வந்தா அது உயிரைக் காப்பாத்தும். அதே கயிறு நாள் முழுக்க ஆடிக்கிட்டே இருந்தா? எது நிஜ ஆபத்துன்னு மேலே இருக்கிறவருக்குத் தெரியாது. அவரும் களைச்சுப் போவார்.

எச்.ஐ.வி. உடம்பில் செய்றது அதுதான். தொற்றின ஆரம்ப வாரங்களிலேயே அது குடல் சுவரில் இருக்கிற சி.டி.4 செல்களைப் பெருமளவு அழிச்சிடுது. குடல் வேலி பலவீனமாகி, பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசியுது. உடம்பு எச்சரிக்கைமேல் எச்சரிக்கை கொடுக்குது. இன்டர்லூகின்-6, டி.என்.எஃப். மாதிரியான அழற்சிச் சேதிகள் ஓயாம ஓடுது. இன்டர்ஃபெரானும் அப்படித்தான். ஆரம்பத்தில் காவலா நிற்கும், நிற்காம ஓடிக்கிட்டே இருந்தா படையையே களைப்படைய வெச்சிடும்.

இதில் வைரஸுக்கு லாபமும் உண்டு. டி.என்.எஃப். சேதி ஒரு செல்லுக்குக் கிடைச்சா, உள்ளே என்.எஃப்.கப்பா பி என்ற ஒரு சுவிட்ச் முடுக்கப்படும். அந்தச் சுவிட்ச், செல்லின் பாதுகாப்பு மரபணுக்களை இயக்கத்தான் இருக்கு. ஆனா எச்.ஐ.வி. தன் மரபணுவிலும் அதே சுவிட்ச் வந்து உட்கார இடம் வெச்சிருக்கு. ‘எதிரி வந்தாச்சு, எழுந்திரு’ என்று உடம்பு கூப்பிடுற சத்தத்தில், செல்லுக்குள் தூங்கிக்கிட்டிருந்த வைரஸும் எழுந்திரிச்சிடும்!

இது நமக்கு ரொம்ப நெருக்கமான விஷயம். இந்தியாவில் பெரும்பாலும் இருப்பது சி என்ற துணை வகை எச்.ஐ.வி. அதில் இந்தச் சுவிட்சுக்கான இடம் வழக்கமா மூன்று இருக்கும். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு, நான்கு இடங்கள் உள்ள வைரஸ்களும் நம்ம நாட்டில் பரவுவதை 2012-ல் வெளியிட்டது. இடம் கூடினா, வைரஸ் இன்னும் வேகமா விழிச்சுக்கும்.

காசநோய் வந்தா உடம்பில் டி.என்.எஃப். கூடும். காசநோய்க் கிருமியைச் சுற்றி வேலி கட்ட அது தேவை. அதே சேதி எச்.ஐ.வி.யையும் எழுப்பும். அதனால்தான் இரண்டு நோயும் ஒண்ணை ஒண்ணு வளர்த்துவிடுது. எச்.ஐ.வி. உள்ளவங்களுக்குக் காசநோய்ப் பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் தர்றாங்க. காசநோய் உள்ளவங்களை எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்றாங்க. ‘எதுக்கு இதெல்லாம்?’ என்று சலிச்சுக்காதீங்க. காரணம் இதுதான்.

மாத்திரை என்ன செய்யுது?

எச்.ஐ.வி. கூட்டு மருந்து வைரஸ் பெருகுறதை நிறுத்துது. எதிரி அடங்கினதும் எச்சரிக்கைச் சேதிகளும் தானா குறையுது. சி.டி.4 செல்கள் மெதுவா மீளுது. அதாவது எதிர்ப்பு சக்தியை நிஜமாகக் கூட்டுற மருந்து எதுன்னு கேட்டா, அது இந்த மாத்திரைதான்.

நிறுத்தினா? அதுவும் ஆய்வில் தெரியும். சி.டி.4 நல்லா இருக்கிறப்போ மருந்தை நிறுத்தி, குறைஞ்சா மறுபடி தொடங்கலாமான்னு 5,472 பேரிடம் பார்த்தாங்க. நிறுத்தினவங்களிடம் நோயும் சாவும் இரண்டு மடங்குக்கு மேல இருந்ததால், 2006-ல் அந்த முறையைக் கைவிட்டாங்க. அப்புறம் சேமிச்சு வெச்ச ரத்தத்தைப் பார்த்தா, மருந்தை நிறுத்தி ஒரே மாதத்தில் இன்டர்லூகின்-6 ஏறியிருந்தது. அது அதிகம் இருந்தவங்களுக்குத்தான் சாவின் ஆபத்தும் அதிகம். அதில் பலருக்கு எய்ட்ஸ் வரலை. மாரடைப்பு மாதிரி வேற நோய்களும் காரணம்.

சீக்கிரம் ஆரம்பிச்சா? 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில், சி.டி.4 குறையும்வரை காத்திருக்காமல் உடனே மருந்து தொடங்கினவங்களுக்குக் கடுமையான பாதிப்பு 57 சதவீதம் குறைஞ்சது. அதனால்தான் 2017 முதல் இந்தியாவில் தொற்று உறுதியான எல்லாருக்கும், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும், உடனே மருந்து தர்றாங்க. இன்னொரு சந்தோஷமான சேதி. சென்னையும் புனேயும் பங்கெடுத்த ஒன்பது நாட்டு ஆய்வு, தம்பதியில் ஒருவருக்குத் தொற்று இருந்து அவர் சீக்கிரம் மருந்து எடுத்தா, துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறையும் என்று 2011-ல் காட்டினது. கர்ப்பிணித் தாய் மருந்து எடுத்தா குழந்தையையும் காப்பாத்திடலாம்.

ஒண்ணை மறைக்கக்கூடாது. மருந்து தொடங்கின முதல் சில வாரங்களில் சிலருக்குத் திடீர்னு காய்ச்சல் வரும், கழுத்தில் கட்டி வீங்கும். முக்கியமா காசநோயும் இருக்கிறவங்களுக்கு. அதுவரை அமுங்கிக் கிடந்த படை, ஒரே நேரத்தில் எழுந்து சேதிகளை வாரி இறைக்கிறதால் வர்றது அது. சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்விலும், இந்த நிலையில் இன்டர்லூகின்-6 கூடியிருப்பதைப் பார்த்திருக்காங்க. ‘மாத்திரை ஒத்துக்கலை’ன்னு நீங்களே நிறுத்திடாதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. இதுக்குச் சிகிச்சை இருக்கு.

மருந்து எடுத்தாலும் கொஞ்சம் அழற்சி மிச்சம் இருக்கத்தான் செய்யும். சில சி.டி.4 செல்களுக்குள் வைரஸ் உறங்கிக்கிட்டே இருக்கும். மாத்திரையை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடச் சொல்றது அதனால்தான். 2023-ல் இந்தியா உள்பட 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ஆய்வில், கொழுப்பைக் குறைக்கிற ஒரு மாத்திரை இவங்களுக்கு இதய பாதிப்பை 35 சதவீதம் குறைச்சது. அது உங்களுக்குத் தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்யணும். ஆனா புகையிலையை விடுறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கிறது, நேரத்துக்குத் தூங்குறது எல்லாம் நம்ம கையில் இருக்கு.

உங்க போனில் இதைச் சேமிச்சு வெச்சுக்கோங்க

1097. எச்.ஐ.வி. பற்றிய எந்தச் சந்தேகத்துக்கும் கட்டணமில்லாத உதவி எண். உங்க பேரைச் சொல்ல வேண்டியதில்லை.

பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் இருக்கிற நம்பிக்கை மையம் போங்க. ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம்.

தொற்று உறுதியானா ஏ.ஆர்.டி. மையத்தில் கூட்டு மருந்து, சி.டி.4 பரிசோதனை, ரத்தத்தில் வைரஸ் அளவுப் பரிசோதனை எல்லாம் இலவசம். 2004 ஏப்ரலில் நாட்டில் இலவச கூட்டு மருந்து தொடங்கின முதல் மையங்களில் நம்ம தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று.

ஊசி குத்திட்டா, வன்முறைக்கு ஆளானா, தொற்று வந்திருக்குமோன்னு பயம் வந்தா, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

காசநோய்ச் சிகிச்சையில் இருக்கிறவங்களுக்கு நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்குக்கே வரும். வரலைன்னா சிகிச்சை எடுக்கிற இடத்திலேயே கேளுங்க.

அந்த அக்காவின் பேரை ஏன் சொல்லலைன்னு சொல்றேன்னேனே. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிற எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ன்படி, ஒருவர் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது. அவரது நிலையை வெளியே சொல்லக்கூடாது. வேலை, படிப்பு, சிகிச்சை, வாடகை வீடு எதையும் இதைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது. மறுத்தா, மாநில அரசு நியமிக்கிற குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் அவர் உத்தரவு போடணும். மருத்துவ அவசரம்னா, முடிஞ்சவரை 24 மணி நேரத்துக்குள்.

அந்தப் பொடி? மருந்துகள் விதிகளில் ஜே அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. ‘இந்த நோய்களைக் குணப்படுத்தும், தடுக்கும்னு எந்த மருந்தும் சொல்லிக்கக்கூடாது’ என்கிற பட்டியல் அது. அதில் முதல் பெயரே எய்ட்ஸ். அந்த மாதிரி வீடியோ வந்தா யாருக்கும் அனுப்பாதீங்க. அனுப்பினவங்களுக்கு இந்தப் பக்கத்தை அனுப்புங்க.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லலை. உப்பள வரப்பில் நின்னுக்கிட்டு இவ்வளவு பேச நேரம் ஏது? “அக்கா, நீங்க ராத்திரி சாப்பிடுற அந்த ஒரு மாத்திரைதான் உங்க எதிர்ப்பு சக்தி. அதை விட்டுடாதீங்க”ன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. அப்புறம் போனை எடுத்து, அந்த வீடியோவை அழிச்சுட்டு, “எட்டு மணிக்கு அலாரம் வெச்சுக் குடு தம்பி, சில நாள் மறந்து போகுது”ன்னாங்க.

வெச்சுக் கொடுத்தேன். உங்க வீட்டில், உங்க தெருவில் யாருக்காவது அப்படி ஒரு அலாரம் தேவைப்படலாம். வெச்சுக் கொடுங்க. ஏன், எதுக்குன்னு மட்டும் கேட்காதீங்க.